தொத்திக்கொண்ட நட்சத்திரம்

வார்தினிக்கு நல்ல கண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இதை ஒருவர்கூடச் சொன்னதில்லை. லேரேன் முனையில் கண் என்றால் அது அவள் புருஷன் தர்முஜியின் கண்தான். அவள் இறால் விழுது இடிக்கிறவள், தர்முஜியின் பெண்டாட்டி, அவ்வளவுதான். நான் பிறந்தது பினாங்கு, வாழ்க்கைப்பட்டது இந்த ஜாவாக் கரை. வந்த நாளிலிருந்து அவள் என் பக்கத்து வீடு. குன்றின் அடியில் என் காப்பிக்கடை, கடையை ஒட்டி அவள் இறால் காயப்போடும் பாய். இத்தனை வருடமாக அந்த நாற்றத்தோடும் அவளோடும் குடித்தனம் நடத்துகிறேன். இப்போது இரண்டும் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் ஊரில் கண்ணை அளக்க ஒரு வழி உண்டு. வடக்கே கடலுக்கு மேலே ஏழு நட்சத்திரம் சேர்ந்து தெரியும். பினாங்கில் எங்கள் தெருச் செட்டியார் அதைச் சப்தரிஷி மண்டலம் என்பார். இங்கே அதற்குப் படகு என்று பெயர். படகின் வாலில் நடுவே இருப்பதை உற்றுப் பார்த்தால், அதன் தோளில் இன்னொன்று மங்கலாக ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். தமிழ்க் கல்யாணங்களில் அருந்ததி என்று காட்டுவார்களே, அதுதான். பட்டப்பகலில் மண்டபத்துக் கூரையைக் காட்டி, "தெரியுதா?" என்பார்கள், பெண்ணும் "தெரியுது" என்பாள், புகையில் கண் எரிந்தால் எது தெரியாது? இங்கே அந்த ஏமாற்று வேலை நடக்காது. மங்கல் நட்சத்திரத்துக்கு இந்த ஊர்க்காரர்கள் தொத்தி என்ற அர்த்தத்தில் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். படகில் கூலி கொடுக்காமல் தொத்திக்கொண்டு வருகிறவன். மீன்பிடிப் படகின் முன்முனையில், அணியத்தில் நின்று மீன்கூட்டம் பார்க்கிற வேலைக்கு ஆள் எடுக்கும்போது, மூத்தவர்கள் அவனை மணலில் நிறுத்தி வாலின் நடுவில் எத்தனை என்று கேட்பார்கள். ஒன்று என்றால் வலை இழுக்கப் போக வேண்டியதுதான். இரண்டு என்று சொல்லி, சின்னது எந்தப் பக்கம் என்றும் காட்டிவிட்டால் அணியம் அவனுக்கு.

தர்முஜி அப்படி அணியத்துக்குப் போனவர். கடலில் அவர் பேர் எடுத்தது நிஜம்; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறினால் போதும், கீழே கானாங்கெளுத்தி என்று கையைக் காட்டுவார், வலை நிரம்பிவிடும். பேரோடு தலைக்கனமும் வந்தது. கல்யாணமான புதிதில் வார்தினியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஆசையாகத் தொத்தியைக் காட்டியிருக்கிறார். இங்கே புருஷனைக் "காங்" என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அவள், "எனக்கு எப்பவும் ரெண்டாத்தானே காங் தெரியும். ஒண்ணாத் தெரியறவங்களும் இருக்காங்களா என்ன?" என்று கேட்டாளாம். மனுஷன் அவளை விட்டுவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் தன் கண்ணைப் பற்றிப் பேசவில்லை.

கண்ணுக்குப் பேர்போனவர் என்பதால் பிறை பார்க்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் ஊரே குன்றின் மேல் ஏறும். மேற்கே சூரியன் கடலில் விழுந்ததும், நூல் மாதிரி ஒரு பிறை சற்று நேரம் நிற்கும். கண்டவர் கண்டார், காணாதவர் காணவில்லை. கண்டவர் மாவட்டத்துக் காஜியின் முன் குர்ஆன் மேல் ஆணையிட்டுச் சொன்னால் மறுநாள் பெருநாள். சொல்ல ஆள் இல்லையென்றால் இன்னும் ஒரு நாள் நோன்பு. வருடா வருடம் எங்கள் முனையிலிருந்து ஆணையிட்டவர் தர்முஜி. பெண்கள் சாட்சி சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எந்தக் கிதாபில் தடை இருக்கிறது என்று யாரும் காட்டியதும் இல்லை. பெண்கள் தேநீர்ப் பாத்திரத்தோடு பின்னால் நிற்பார்கள்.

இப்படி இருக்கையில்தான் அவர் கண் போனது.

முதலில் ஓரங்கள் போயின. வாசல் நிலையில் தோள் இடிக்கும், கோழியை மிதிப்பார், கோழியைத் திட்டுவார். கொஞ்ச நாளில் நேரே இருப்பது மட்டும், மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. பிறகு அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது. உறவுக்காரர் வீட்டுச் சுன்னத்துக் கல்யாணம் என்று ஊரில் சொல்லிவிட்டு ஸெமாராங்கில் ஒரு கண் டாக்டரிடம் போனார்கள். நரம்பு செத்துவிட்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாம் சும்மா சொல்லுகிறோம், இவர்களுக்கு அப்படியே நடந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் தர்முஜி அவளிடம் ஒரே ஒரு வாக்குக் கேட்டார். யாருக்கும் தெரியக் கூடாது, மகளுக்குக்கூட. அவள் சரி என்றாள். அந்த ஒரு "சரி"தான் அவள் கால்விலங்கு. அடுத்த வீட்டில் இருந்த எனக்கே பத்துப் பன்னிரண்டு வருடம் தெரியாது என்றால் அவள் அந்த ரகசியத்தை எப்படிக் காப்பாற்றியிருப்பாள் என்று பாருங்கள்.

முழங்கால் வலி என்று கடலுக்குப் போவதை நிறுத்தினார். வலை பின்னுவதைப் பிடித்துக்கொண்டார். விரலுக்குக் கண் வேண்டியதில்லை. மற்றதெல்லாம் அவள் பாடு. யாராவது வாசலில் கால் வைத்தால், "அட, பாக் சுகாத்தா, வாங்க வாங்க, சட்டையெல்லாம் புதுசா இருக்கே" என்று ஊர்த் தலைவரின் பேரையும் சட்டையையும் உள்ளே கேட்கிற மாதிரி சொல்லுவாள்; பாக் என்றால் இங்கே ஐயா. அவளுக்கு வாயாடி என்று ஊரில் பேர் வந்தது. நானே அப்படி நினைத்துக் கேலி செய்திருக்கிறேன். மின்சாரம் போனால் ஓடிப்போய் அவர் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பாள், யார் பார்க்கிறார்களோ என்று. சாயங்காலங்களில் வானம் தெளிவாக இருந்தால் அவர் காதில் அதைச் சொல்லி என் கடைக்கு அனுப்புவாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கடல் இரைச்சலை வைத்து வடக்கைக் கணித்து, சின்னப் பையன்களுக்குத் தொத்தியைக் காட்டுவார். மேகமாக இருந்தால் அனுப்ப மாட்டாள்.

அவள் மகள் ஸுல்ஃபா வாழ்க்கைப்பட்டது சூரபாயாவில். முதல் பிரசவத்துக்கு அம்மா வேண்டும் என்று அழுதாள். வார்தினி போகவில்லை. இரண்டாவதுக்கும் போகவில்லை. ஒரு நாள் இரவு வெளியே தங்கினால் மனுஷன் கிணற்றடியில் விழுந்து கிடப்பார், ஊர் கூடிவிடும். பெற்ற மகளைவிட இறால் விழுதா பெரிது என்று மகள் போனில் கேட்டாளாம். அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன் என்று வார்தினி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். இவள் கல்நெஞ்சுக்காரி என்று நான் நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்?

கண் போன முதல் வருடம் பிறை நாளன்று அவர் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். பாக் சுகாத் வீட்டுக்கே வந்து, கைத்தாங்கலாகவாவது ஏறு, உன் கண் இல்லாமல் எங்களுக்குப் பெருநாள் இல்லை என்று இழுத்துப் போய்விட்டார். தர்முஜி குன்றின் மேல் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். பின்னால் தேநீரோடு நின்ற வார்தினிக்குப் பிறை தெரிந்தது. புருஷன் தலை குனிந்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், முழங்கையை அழுத்தி, அந்தப் பக்கமாகத் திருப்பினாள். அவர் நிமிர்ந்து, "அதோ" என்றார். அன்றைக்குப் பிறந்தது அந்த ஏற்பாடு. வீட்டுக்கு வந்ததும் ஆணை என்ன ஆவது என்று அவள் கேட்டிருக்கிறாள். "புருஷனும் பொண்டாட்டியும் ஒரு உடம்பு. உன் கண்ணு என் கண்ணு இல்லையா?" என்றாராம். நானாக இருந்தால், நீங்க பேர் வாங்கும்போது மட்டும்தான் ஒரு உடம்பா என்று கேட்டிருப்பேன். அவள் கேட்கிறவள் இல்லை.

அதற்குப் பிறகு வருடா வருடம் அப்படித்தான். பிறை தெரிந்தால் முழங்கையில் ஓர் அழுத்தம். தெரியாவிட்டால் அவள் சும்மா நிற்பாள், அவரும் சும்மா நிற்பார். உண்டு என்பதற்கு அடையாளம் வைத்துக்கொண்ட இரண்டு பேரும் இல்லை என்பதற்கு ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. அது வேண்டியிருக்கும் என்று தோன்றவும் இல்லை.

நடுவில் ஒரு வருடம் கல்லூரிக்காரர்கள் தொலைநோக்கியோடு வந்து, அதற்குப் பிறகு தவறாமல் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்; என் கடையில்தான் காப்பி. அவர்களில் கண்ணாடி போட்ட ஒருத்தர் ஒருநாள் தொத்தியைப் பற்றிச் சொன்னார். அந்த மங்கல் நட்சத்திரமும் ஒன்று இல்லையாம், இரண்டாம். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று சுற்றுகிறதாம். அதை வெறும் கண்ணால் எவராலும் பார்க்க முடியாதாம், பெரிய பெரிய கருவிகள் வந்த பிறகுதான் இருப்பதே தெரிந்ததாம். தொத்திக்கே ஒரு தொத்தியா என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வார்தினி சிரிக்கவில்லை. அத்தனை காலம் அங்கேயே இருந்ததா அது, என்று மட்டும் கேட்டாள்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். நோன்பு மே மாதத்தில் வந்த வருடம். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் நாளைக்குப் பெருநாள் என்று அச்சடித்திருந்தது. காலண்டரை நம்பி வீட்டுக்கு வீடு தென்னங்குருத்தில் பொட்டலம் பின்னி, அரிசி போட்டு, அவிக்க ஆரம்பித்துவிட்டார்கள். படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. சூரபாயாவிலிருந்தும் ஸெமாராங்கிலிருந்தும் வேலைக்குப் போன பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள். அவித்த சோறு நாளை மறுநாள் வரை தாங்குமா என்று பாக் சுகாத்தே இரண்டு முறை என் கடைக்கு வந்து கேட்டுப் போனார். பிறையைவிடச் சோற்றைப் பற்றித்தான் ஊருக்குக் கவலை.

சாயங்காலம் குன்றின் மேல் எள் போட்டால் எள் விழாது. மேற்கே அடிவானத்தில் கோரைப்பாய் விரித்ததுபோல ஒரு மேகம். சூரியன் அதற்குள் போனது, சிவந்தது, மறைந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எந்த வருடமும் தெரிந்ததில்லை. தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்த பிள்ளையும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அவசரத்தில் முண்டியடித்தார்கள். அந்த நெரிசலில் தர்முஜி முன்பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். அவர் நின்றது பாறை விளிம்பு. வார்தினி பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்துட்டேன்" என்றார் தர்முஜி. கணீரென்று சொன்னார். "அதோ."

அவ்வளவுதான். கூட்டம் முழுக்க அல்லாஹு அக்பர் என்று தக்பீர் எழுந்தது. பாக் சுகாத் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எங்கே எங்கே என்று எட்டிப் பார்த்த இரண்டு பேருக்கு உடனே பிறை தெரிந்தும்விட்டது. அவர்களும் சாட்சிக்கு வருகிறோம் என்றார்கள். கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் தங்கள் கருவியில் ஒன்றும் விழவில்லை என்று மெல்லச் சொன்னார்கள். மேகத்தின் இடுக்கில் பாக் தர்முஜிக்குத் தெரிவது கண்ணாடிக்கு எங்கே தெரியும் என்று யாரோ அடக்கினார்கள். பேரீச்சம்பழம் கடித்து நோன்பு திறந்தாயிற்று. அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். தொழுகை முடிந்து, குன்றின் மேலேயே போட்டிருந்த கூடாரத்தில் காஜியார் முன்னால் ஆணை.

பெண்கள் தொழுத இடத்தில் வார்தினி என் பக்கத்தில் இருந்தாள். ஸலாம் கொடுத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. நோன்பு மயக்கம் என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேதான், அந்தப் பாயின் மேல்தான், டாக்டர், பஸ், முழங்கை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் என் காதில் கொட்டினாள். போய் அவர் காதில் சொல்லு என்றேன். "நான் எப்படிப் போறது? ஒரு பக்கம் தலைவர், ஒரு பக்கம் இமாம்" என்றாள்.

ஆனாலும் போய்ப் பார்த்தாள். தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் நுழைந்து அவர் பக்கமாகக் குனிந்தாள். பாக் சுகாத் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கித் தானே அவருக்குக் கொடுத்து, "நீ போய் அடுப்பப் பாரு யூ, நாளைக்குப் பெருநாளு" என்றார்; யூ என்றால் இங்கே அக்கா. சுற்றிலும் சிரித்தார்கள். தர்முஜியும் சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவருக்கு அன்றைக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வார்தினி பார்த்துவிட்டாள், அழுத்திவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்.

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் நோன்புதானே, அல்லாஹ் மன்னிப்பான், பேசாமல் இரு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "இத்தனை வருஷம் நான் பாத்தேன், அவர் சொன்னாரு. இன்னிக்கு யாருமே பாக்கல. அவருக்குத் தெரியாமலே அவரைப் பொய்ச் சத்தியத்துல நிக்க வைக்கிறேன். ஊரு நோன்பு வேற கெடும்" என்றாள். சத்தம் போட்டு உண்மையைச் சொன்னால் புருஷன் மானம் போகும். சொன்னாலும் யார் நம்புவார்கள்? தர்முஜிக்குக் கண் தெரியாது என்று பெண்டாட்டி சொன்னால், கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவளைத்தான் கீழே இறக்குவார்கள்.

காஜியார் ஃபதோனி இளவயதுக்காரர், அந்த வருடம்தான் எங்கள் மாவட்டத்துக்கு வந்தவர். குர்ஆனைத் துணியிலிருந்து எடுத்தார். சாட்சி சொல்லுகிறவரின் பேர், தகப்பன் பேர் கேட்டார். அப்போதுதான் கூடாரத்தின் வாசலில் வார்தினியின் குரல் கேட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் எப்போது முன்னால் போனாள் என்று எனக்கே தெரியவில்லை.

"காஜியாரே, ஆணைக்கு முன்னாடி ஒரு வார்த்தை. நீங்க ஊருக்குப் புதுசு. இவர் கண்ணப் பத்தி உங்களுக்குத் தெரியாது. சுஹாவக் காட்டச் சொல்லுங்க, காட்டுவாரு."

தொத்திக்குக் கிதாபுகளில் சுஹா என்று பேர். காஜியாரின் முகம் மலர்ந்தது. பழைய காலத்தில் கண்ணைச் சோதிக்க அதைத்தான் காட்டுவார்கள் என்று தானும் படித்திருப்பதாகச் சொன்னார். பெண்டாட்டிக்கு எவ்வளவு பெருமை பார் என்று கூடாரத்தில் ஒரே சந்தோஷம். தர்முஜிக்குக் கேட்கவா வேண்டும். எழுந்து வெளியே வந்தார். கடல் இரைச்சலுக்கு முகத்தைக் கொடுத்து நின்று, கையை நீட்டினார். அவளே காட்டச் சொன்னால் வானம் தெளிவாகத்தானே இருக்கும்? அவள் கண்ணை நம்பி அவர் ஒன்றும் கேட்கவே இல்லை.

"அந்தா, படகு. வாலுல நடுவுல இருக்கிறது பெரிசு. அதுக்கு வலப்பக்கம் கொஞ்சம் கீழ, சின்னது. இன்னிக்கு ரெண்டும் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு."

எல்லோரும் அவர் கை காட்டிய பக்கம் திரும்பினார்கள். வடக்கே தலைக்கு மேல் வரைக்கும் கரிய மேகம். தூரத்தில் சத்தமில்லாமல் மின்னியது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. தர்முஜி கையை இறக்காமல் சிரித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. வார்தினி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மேகம் இப்போதுதான் வந்திருக்கும் என்று பாக் சுகாத் முணுமுணுத்தார். காஜியார் அவரைக் கையால் அமர்த்திவிட்டுத் தர்முஜியின் அருகில் வந்தார்.

"பாக், இப்பவும் ரெண்டு தெரியுதா?"

"ரெண்டும் தெரியுது" என்றார் தர்முஜி. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அந்த நிசப்தம் உறைத்திருக்க வேண்டும். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் ஒருவர்கூட இருமவில்லை. நீட்டிய கை மெதுவாக இறங்கியது. வார்தினியின் குரல் கடைசியாக வந்த பக்கம் திரும்பினார்.

"வார்தினி, நீ பாக்கலையா?"

கோபமாகக் கேட்கவில்லை. வீட்டில் அடுப்படியைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் ஊருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் சொல்லாமல் காத்ததை அவரே சொல்லிவிட்டார்.

"இல்ல காங், நான் பாக்கல. கூட்டம் தள்ளுச்சு. நீங்க விழுந்துடுவீங்கன்னு புடிச்சேன்."

காஜியார் குர்ஆனை மறுபடி துணியில் சுற்றினார். கூட வந்த இரண்டு சாட்சிகளுக்கும் பிறை எப்படித் தெரிந்ததோ அப்படியே தெரியாமலும் போய்விட்டது, ஆளைக் காணோம். பாக் சுகாத்துக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. அப்படியானால் போன வருடங்களில் நாங்கள் கொண்டாடிய பெருநாள்கள் என்ன கதி என்று கேட்டார். இந்த வருடம்தான் கண் மங்கியிருக்கும், அப்படித்தானே, என்று வார்தினியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்கு நிம்மதி. தர்முஜிக்கும் பாதி மானம் மிஞ்சும்.

காஜியார் அவளிடம் நேராகக் கேட்டார். "போன வருஷங்கள்ல பிறையைக் கண்ணால பாத்தது யாரும்மா?"

அவள் தலைமுக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான்தான்" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. காஜியார் கொஞ்சம் யோசித்து, பிறையை மெய்யாகவே ஒருவர் பார்த்திருக்கிறார், கொண்டாடிய நாள்கள் சரியான நாள்கள், பொய்யாய்ப் போன ஆணையைத் தர்முஜியும் அல்லாஹ்வும் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடித்தார். நாளைக்கும் நோன்பு என்று ஊருக்கு அறிவித்தார்கள்.

இறங்கிப் போன கூட்டத்தின் பேச்சைக் கேட்க வேண்டுமே. ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்றாள் ஒருத்தி. புருஷனைச் சந்தியில் நிறுத்திவிட்டாள் என்றாள் இன்னொருத்தி. அவித்த சோறு ஊசிப்போகுமே என்றவர்கள்தான் அதிகம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தர்முஜியை ஏசியவர் ஒருவர்கூட இல்லை. பாவம், கண் போன மனுஷன் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேநீர்ப் பாத்திரத்தை அங்கேயே கவிழ்த்தேன்.

கூடாரத்தையும் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். குன்றின் மேல் மிஞ்சியது நாங்கள் மூன்று பேர். தர்முஜி நின்ற இடத்திலேயே நின்றார். கீழே போகும் பாதை முழுக்கக் கல்லும் குழியும். பிடிக்காமல் அவரால் ஓரடி வைக்க முடியாது. வார்தினி கையைத் தொட்டதும் உதறினார். அவள் தள்ளி நின்றாள். அவர் போக முடியாது, அவளும் அவரை விட்டுப் போக முடியாது. மழைக்காற்று அடிக்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் அப்படியே நிற்கிறார்கள், நடுவில் நான் காலிப் பாத்திரத்தோடு. இவர்களை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன என்றுகூட எனக்குத் தோன்றியது.

கடைசியில் தர்முஜிதான் பேசினார். "இத்தனை வருஷம் என்னை விழாம காப்பாத்தின. இன்னிக்கு மட்டும் ஏன் விட்டுட்ட?"

"இன்னிக்கும் அதத்தான் செஞ்சேன்" என்றாள் அவள்.

அவர் கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். அவள் தள்ளி நிற்பது தெரியாமல் என் பக்கமாக நீட்டினார். நான் அந்தக் கையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் பிடித்துக்கொண்டாள், வேறு என்ன செய்வாள்? மூன்று பேரும் மழைக்கு முன்னால் இறங்கி வந்தோம்.